ஒன்பது நாள் அம்மை

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் இதை நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப்பில் படித்தேன். கட்டணத்தில் முக்கால்வாசி தள்ளுபடி. அப்பாவுக்குப் பீர்க்கன்கரணையில் டூவீலர் மெக்கானிக் கடை. அந்தத் தள்ளுபடி போனால் இரண்டாம் ஆண்டோடு நான் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. எட்டுக்குக் குறையக் கூடாது, அரியர் கூடாது, வருகைப்பதிவு எண்பத்தைந்து சதவீதம் வேண்டும். முதல் இரண்டையும் தூக்கம் கெட்டுப் படித்துக் காப்பாற்றினேன். மூன்றாவது காலை வாரிவிட்டது.

இத்தனைக்கும் நான் மட்டம் போடுகிறவள் இல்லை. அந்த வருஷம் கல்லூரிக்குத் தரம் போட ஓர் ஆய்வுக் குழு வந்தது. பட்டுப் புடவையில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்ட ஆள் வேண்டும். எங்கள் கிளாஸ் அட்வைசர் சார் நேராக என்னிடம் வந்தார்.

"ஸ்காலர்ஷிப் பசங்க நீங்க வரலைன்னா வேற யாரும்மா வருவா? ஓ.டி. போட்டுத் தர்றேன்."

கல்லூரி வேலையாகப் போனதால் வகுப்புக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் ஓ.டி. ஒத்திகையும் சேர்த்து ஒன்பது நாள் வாசலில் நின்றேன். அம்மாவின் கல்யாணப் புடவை வெயிலில் வியர்த்து வீணாய்ப் போனது.

வருஷக் கடைசியில் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் இருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எண்பத்தொண்ணுதான்மா இருக்கு" என்றார். ஓ.டி. கடிதத்தை நீட்டினேன். பரீட்சை எழுதத்தான் ஓ.டி. செல்லுமாம், ஸ்காலர்ஷிப்புக்குச் செல்லாதாம். வகுப்பில் உட்கார்ந்த மணி மட்டும்தான் கணக்காம். இதை அந்த ஒன்பது நாளில் ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

வீட்டில் சொன்னதும் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "காலேஜுக்குள்ளயே நின்னுகினு இருந்தவ காலேஜுக்கு வரலன்னா, இன்னா கணக்கு இது? இட்டுகினு போன சாரையே எழுதித் தரச் சொல்லு."

நானும் அப்படித்தான் நம்பினேன். சார் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "க்ளாஸை விட்டுட்டுப் பசங்களை வாசல்ல நிக்க வச்சோம்னு நானே எழுதிக் கொடுத்தா என் வேலை என்னம்மா ஆகும்? கொஞ்சம் புரிஞ்சுக்கோ."

புரிந்துகொண்டேன். மறுபடி செக்‌ஷனுக்குப் போய் மேல்முறையீட்டு ஃபார்ம் வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டம்: நோய், பெற்றோர் மரணம். நான் அந்தக் கட்டங்களையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்காவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார். "இந்த ஓ.டி. லெட்டரை நான் பார்க்கவே இல்லை. ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பெருங்களத்தூரில் ஒரு கிளினிக். டாக்டர் என் நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று மட்டும் கேட்டார். வாசலில் நின்ற தேதிகளைச் சொன்னேன். "ஒன்பது நாளா? அப்ப அம்மைன்னு போட்டுடறேன். யாரும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க."

வீட்டில் அம்மா அந்தத் தாளைத் தொடவே இல்லை. "பொய் சொல்ல உனக்கு வேற வியாதியே கிடைக்கலையா? ஆத்தா பேர்ல பொய் சொல்லுவியா?" என்றவள், அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலுக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு வந்தாள். செய்யாத தப்புக்கு நான் பொய் சொல்ல, சொல்லாத பொய்க்கு அம்மா மன்னிப்புக் கேட்கிறாள். உண்மையை ஒரு மாசம் கையில் வைத்துக்கொண்டு அலைந்தேன், நாய்கூடச் சீண்டவில்லை. பொய்யை நீட்டினேன், அக்கா இரண்டு நிமிஷத்தில் சீல் குத்தினார்.

பாக்கி இருந்தது ஒரே கையெழுத்து. கிளாஸ் அட்வைசர் போட வேண்டியது.

சார் சர்டிஃபிகேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். ஒவ்வொரு தேதியையும் படித்தார். அந்த ஒன்பது நாளும் என் புடவை மடிப்பு சரியாக இருக்கிறதா, சிரித்த முகமாக நிற்கிறேனா என்று தினம் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். பேனாவைத் திறந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லவேளை, முகத்துல தழும்பு ஒண்ணும் விழலை" என்றார்.

"ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.