சுருளிவேல் வாங்கிவந்த பச்சை

1986 தைப் பொங்கலுக்கு ராமுத்தாய் இலைப்பச்சையில் ஒரு சுங்குடிச் சேலை கேட்டாள். அவள் கணவர் சுருளிவேல் சின்னாளபட்டிக்கே பஸ் ஏறிப் போனார். கடைக்காரர் எடுத்துத் தர வந்ததையும் வேண்டாம் என்று சொல்லி, தானே அடுக்கில் தேடி ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். அது காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

"இது என்ன கலரு?"

"நீ கேட்ட பச்சைதான்."

ராமுத்தாய் அதை வெயிலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள். வெயிலிலும் அது காப்பிக்கொட்டைதான். "நான் இலைப்பச்சைன்னுல்ல சொன்னேன். சருகுப்பச்சைன்னா சொன்னேன்?"

சுருளிவேல் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுத்துக் கொடுப்பவர். ஒரு கை அள்ளியதும் அது எப்போது பறித்த மொட்டு என்று சொல்லிவிடுவார். வெள்ளைப் பூவோடு பிழைப்பு ஓடியதால் முப்பத்தாறு வயதுவரை அவர் கண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. பழம் சிவப்பு, இலை பச்சை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ராமுத்தாய் அவரைத் திண்டுக்கல்லுக்கு, டாக்டர் மரியசெல்வத்திடம் அழைத்துப் போனாள். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைச் சுருளிவேல் கடைசி வரிவரை வாசித்தார். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார். ராமுத்தாய்க்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைப் பிரித்தார். "இதுல என்ன நம்பர் தெரியுது?"

"புள்ளிதான் தெரியுது."

ராமுத்தாய் எட்டிப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சுன்னு இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கே."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என்னைக் கேலி பண்றீங்களா?" என்றார் சுருளிவேல்.

டாக்டர் ஒரு தாளில் கண்ணை வரைந்தார். நடுவில் இருக்கிற பாவை வழியாக வெளிச்சம் உள்ளே போகிறது; பின்னால் இருக்கிற லென்ஸ் அதைக் குவிக்கிறது; கண்ணின் பின்சுவரில், விழித்திரையில், படம் விழுகிறது. "உங்களுக்கு அது வரைக்கும் எல்லாம் சுத்தம். அந்தத் திரையில நிறம் பிரிக்கிறதுக்குன்னு கூம்பு மாதிரி செல்லுங்க இருக்கு. மொத்தம் மூணு வகை. அதுல ஒரு வகை உங்களுக்குச் சரியா வேலை செய்யல. அதான் பச்சையும் செவப்பும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுது. கண்ணாடியோ மருந்தோ இதுக்குக் கிடையாது."

"அப்ப நான் இத்தனை வருசமா பாத்ததெல்லாம் பொய்யா?"

"பொய் இல்ல. உங்களுக்குத் தெரியிற நிறம் வேற, அவ்வளவுதான். இது அம்மா வழியா வர்றது. அவங்களுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கும். மகனுக்கு வந்துரும்."

முதல் பாதி ராமுத்தாயின் காதில் விழுந்ததா என்று தெரியாது. 'அம்மா வழியா' என்பதை மட்டும் அவள் ஊர்வந்து சேரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மாமியார் ராக்கம்மாளிடம் போனாள்.

"அத்தே, ஒங்க மகனுக்குக் குறை ஒங்ககிட்டருந்துதான் வந்துச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு."

ராக்கம்மாள் கோபப்படவில்லை. "எங்க அண்ணன் தக்காளிய ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துத்தான் பறிப்பான். சூதானமான ஆளுன்னுல்ல நெனச்சோம்."

அதன்பிறகு வீட்டில் சுருளிவேலுக்குப் பெரிய மரியாதை இல்லை. கண்ணில் பட்ட பொருளையெல்லாம் தூக்கிக் காட்டி, "இது என்ன கலரு?" என்று கேட்டார்கள். அவரும் பாதி நேரம் சரியாகத்தான் சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் காலை, காய் பறிக்கக் கொல்லையில் இருந்த அவரைக்காய்ப் பந்தலுக்குள் ராமுத்தாய் கையை விட்டாள்.

"கையை எடு," என்றார் சுருளிவேல். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"ஏன்?"

"பாம்பு."

அவள் பார்த்தாள். இலையும் கொடியும்தான் தெரிந்தன. "கேலிக்குப் பதில் கேலியா?"

சுருளிவேல் ஒரு குச்சியால் பந்தலைத் தட்டினார். கொடி என்று அவள் நினைத்திருந்த ஒன்று, அவள் விரலுக்கு ஒரு சாண் தள்ளித் தலையைத் தூக்கியது. கண்கொத்திப் பாம்பு. பச்சைக்குள் பச்சையாக இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. கொடி போகும் போக்கில் போகாத ஒன்றைத்தான் பார்த்தார்.

பாம்பு வேலி தாண்டிப் போனது. ராமுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இன்னொண்ணு கெடக்கான்னு பாருங்க," என்றாள் தண்ணீரைக் குடித்துவிட்டு.

அவர் பந்தலைச் சுற்றி வந்து பார்த்து, "இல்ல," என்றார். அதன்பிறகே அவள் மறுபடி காய் பறித்தாள். மறுவாரம் பக்கத்துத் தோட்டத்துக் கௌசல்யா பீர்க்கங்காய் பறிக்கப் போகும்முன் இவர்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணன் இருக்காகளா? செத்த வந்து பந்தலப் பாக்கச் சொல்லுங்க மதினி."

சுருளிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டாக்டர் மாதிரியே நிதானமாகக் கிளம்பினார்.