அரிசி வாங்காத குடும்பம்

இன்னைக்கு கேரளா இடுக்கி மலையில, சக்குபள்ளத்துல எங்க வீட்டுக்கு ஒரு மலையாளப் பொண்ணு சர்வேக்கு வந்துச்சு. எந்த ஊர்க்காரங்க சம்பளத்துக்கு எவ்வளவு சாமான் வாங்க முடியுது, எந்த ஊர் வசதின்னு ஒப்பிட்டுப் பார்க்கப் போறாங்களாம்.

"சேச்சி, அரிசி என்ன விலைக்கு வாங்குறீங்க?"

"கம்பத்துலதாம்மா வாங்குறோம்."

"அது தமிழ்நாடல்லே? இங்க வாங்குறது மட்டும் சொன்னா மதி, போதும்."

பருப்பு? கம்பம். எண்ணெய்? கம்பம். பிள்ளைகளுக்குத் துணி? அதுவும் கம்பம்தான். ஏலத்தோட்டத்துல சம்பளம் வாங்குனா, ஞாயித்துக்கிழமை ஜீப் ஏறி மலை இறங்குறதுதானே நம்ம வழக்கம்? தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லியும் அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணுக்கும் போன்ல 'வாங்குவதில்லை'ன்னு தட்டிக்கிட்டே போச்சு.

கடைசியில இங்க வாங்குறதுன்னு மிஞ்சுனது மீனும் மாத்திரையும்தான். நாங்க மீனைத் தின்னுட்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துக்குற குடும்பம்னு மேலிடத்துக்குப் போகப் போகுது!

வாசல் வரைக்கும் போன பொண்ணு திரும்பி வந்து மெதுவாக் கேட்டுச்சு: "சேச்சி, ஞாயித்துக்கிழமை ஜீப்புல எனக்கும் ஒரு சீட் கிடைக்குமா? வீட்டுல அரிசி தீர்ந்துபோச்சு."

சீட் சொல்லி வச்சிட்டேன். இந்தப் பொண்ணு வீட்டு அரிசிக்கு 'வாங்குவதில்லை'ன்னு தட்டப் போற புண்ணியவான் யாருப்பா? தெரிஞ்சா சொல்லுங்க, அவருக்கும் ஒரு சீட் போட்டு வைக்கிறேன்.