மண்வெட்டிச் சத்தம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நெட்டையான, கொஞ்சம் கூனிய மனிதர். நாயை நெரிக்கும் கொடி என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்த சனியன் ஒன்று அந்த வேலியெல்லாம் படரும். வசந்தம் வந்தால், வேலைக்குப் போகமுன் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அதை வேரோடு கிண்டி எடுப்பார். மேலால் அறுத்தால் இரண்டு மடங்காக முளைக்கும் என்று என்னையும் ஏசுவார்.

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், கொடி வேலியில் ஏறத் தொடங்கியும் அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. ஒருநாள் காலை வெறுங்கையால் இலைகளைப் பிய்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை, வேர் கிண்டேல்லையே?"

"ஏலாமல் கிடக்கு, தங்கச்சி. அக்கா குடும்பம் பங்கர் குழிக்குள்ளயே முடிஞ்சுதாம். பக்கத்தில நிண்ட சனம் அதுக்கு மேலயே மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு ஓடினதாம்."

"நான் கிண்டிவிடுறன், அண்ணை."

"வேண்டாம். மண்ணில மண்வெட்டி விழுற சத்தம் எனக்குக் கேக்கும்."

அடுத்த ஆண்டு அவர் வீட்டை விற்றுவிட்டு அஜக்ஸ் நகருக்குப் போய்விட்டார். கொடி இப்போது எங்கள் கராஜ் சுவர்வரை வந்துவிட்டது. கிண்டுவதற்கு ஆள் பிடிப்போம் என்கிறார் என் கணவர். நான் இன்னும் மேலால்தான் அறுத்துக்கொண்டிருக்கிறேன்.