குரங்கு வருஷத்து இருபத்தொன்பது

தாஷ்மத் சாகும்போது எனக்கு மூவாயிரத்து அறுநூறு சோம் தர வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் காசில் மூன்று நல்ல ஆடு வாங்கலாம். ஓஷ் சாலையில் ஆள் ஏற்றி வண்டி ஓட்டியவன், இன்ஜினைச் சரி பண்ணக் கடன் கேட்டான். கொடுத்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி, கழற்றிப் போட்ட இன்ஜின் முற்றத்தில் கிடக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவ்வளவுதான்.

உஸ்கென் சந்தையில் என்னைத் தெரியாதவர் கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவன். மூட்டை தூக்கியே மூன்று மாவுக்கடைக்குச் சொந்தக்காரன் ஆனவன். யாருக்கும் பாக்கி வைத்ததில்லை, யாரிடமும் விட்டதும் இல்லை. அடக்கத்துக்கு முன் தாஷ்மத்தின் தம்பி எழுந்து, "எங்கண்ணன் யாருக்காவது தரணும்னா இப்பவே சொல்லிருங்க, நான் பொறுப்பு" என்று வழக்கப்படி கேட்டபோது, கூட்டத்தில் நான்தான் கை தூக்கினேன். கடன் தீராதவனுக்கு மண்ணுக்குள்ளும் நிம்மதி இல்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். தம்பி தலையாட்டினான். நாற்பதாம் நாளுக்குள் ரஷ்யாவுக்குப் போய்விட்டான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

தாஷ்மத்தின் மனைவி அனார்கான் கடைக்கு வந்தாள். மற்ற பெண்கள் ஒப்பாரி வைத்த அன்றும் அவள் சும்மாவே உட்கார்ந்திருந்தாளாம். இப்போதும் அழவில்லை.

"அண்ணே, அந்தக் கடன் இனி என்னோடது. அவர் போன நாள் திரும்ப வர்றப்போ கொண்டாந்து தந்துடறேன்."

"சரிம்மா" என்றேன்.

அடுத்த வருஷம் பிப்ரவரி இருபத்தெட்டு போயிற்று. மார்ச் ஒன்றும் வந்தது. அவள் வரவில்லை. நானே போனேன். தந்தூருக்குள் கையை விட்டு ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அதை விற்றுத்தான் சாப்பாடு. இன்ஜின் போட்ட இடத்திலேயே கிடந்தது, மேலே பனி.

"என்னம்மா, நாள் போயிருச்சே?"

"அவர் நாள் வரலியே அண்ணே. இந்த வருஷம் இருபத்தொம்பதே இல்லியே."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். ஏமாற்றுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றுவதற்கும் கொஞ்சம் உயிர் வேண்டுமே, அது அந்த முகத்தில் இல்லை.

பக்கத்துக் கடையில் காலண்டர் விற்கிற எர்கேஷ் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூட்டையோட மூளையையும் எங்கயோ இறக்கி வச்சிட்டீரா? அந்த நாள் இனி எப்ப வரும்னு தெரியுமாய்யா?"

"ஏன் தெரியாது? எலி, மீன், குரங்கு. இந்த மூணு வருஷத்துலதான் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடும். போனது மீன். இது பாம்பு. அப்புறம் குதிரை, ஆடு. அது முடிஞ்சா குரங்கு."

பன்னிரண்டு மிருகத்தை வைத்து வயசு சொல்கிற ஊரில் இதற்குப் படிப்பு எதற்கு? நாலால் மீதியில்லாமல் வகுபடும் வருஷம் என்று எர்கேஷ் சொல்வதும் இதைத்தான்.

"ரெண்டாயிரத்து நூறுகூட குரங்குதான்" என்றான் அவன். "அதுல இருபத்தொம்பது வராது. ரெண்டு சைபர்ல முடியுற வருஷம் நானூறாலயும் வகுபடணும். ரெண்டாயிரம் வகுபட்டுச்சு, உம்ம நேரம். இல்லேன்னா தாஷ்மத் மார்ச் ஒண்ணுல செத்திருப்பான், நீரும் போன வாரமே காசை எண்ணியிருப்பீர்."

"ரெண்டாயிரத்து நூறுல வந்து உன்கிட்ட பேசிக்கிறேன், போடா."

"சரி, போய் அதட்டி வாங்கிட்டு வாரும்."

"அவ நாள் சொன்னா, நான் சரின்னேன். என் சரி மாறாது."

மாறவில்லை. பாம்பு போயிற்று, குதிரை போயிற்று. அனார்கான் மாவு வாங்க என் கடைக்கே வந்தாள். ஒரு தடவையும் கடன் சொன்னதில்லை, கூட ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆடு வருஷத்தில் வண்டியை யாரோ விலைக்கு வாங்கி இழுத்துப் போனார்கள். இன்ஜினை மட்டும் அவள் விற்கவில்லை.

குரங்கு வருஷத்துப் பிப்ரவரி இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். ரொட்டிக் கூடை காலியான பிறகு வந்து நின்றாள்.

"அண்ணே, இன்னிக்குத்தானே?"

"இன்னிக்குத்தான்."

"அடுத்தது எப்போ?"

"எலி வருஷம்."

"அதுவரைக்கும் வேணாம். கைய நீட்டுங்க."

எர்கேஷ் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான். நான் கையை நீட்டினேன். உதடு மட்டும் அசைய, ஐம்பது சோம் நோட்டுகளை முதலில் வைத்தாள், பிறகு இருபதுகளை. கடைசி நோட்டில் மாவு ஒட்டியிருந்தது. அதை இடுப்பில் துடைத்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.