பென்னாகரத்துக் கல்மாவுப் பலகை

அரூர்ப் பக்கம் பாறையைப் பிளந்து கிணறு வெட்டியவன் நான். கூலிக்குக் கல் உடைத்து, பிறகு சொந்தமாகக் கிரஷர் போட்டேன். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மகள்கள் இருவரும் டீச்சர்கள். கிரஷரில் வீணாகக் குவியும் கருங்கல் மாவைச் சாணிக்குழியில் ஊறவைத்து, செத்துப்போன செம்மண்ணில் கலந்து நிலக்கடலை எடுத்தேன். சிரித்த ஊர் இப்போது அந்த மாவுக்கு டிராக்டரோடு வந்து நிற்கிறது.

போன வருடம் உரக் கம்பெனிக்காரர்கள் சிலர் அதைப் பார்க்க வந்தார்கள். என் வீட்டில் களியும் கோழிக்குழம்பும் தின்றார்கள், எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார்கள், போனார்கள். பென்னாகரத்தில் அவர்கள் கல் மாவு போட்டு மாதிரி வயல் வைத்திருக்கிறார்கள் என்று இந்த ஆடியில்தான் காதில் விழுந்தது. கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணி பஸ். மடியில் ஒரு பை மாவு.

"என்னங்க பெரியவரே, சிமெண்டா?" என்றார் கண்டக்டர்.

"கல்லு மாவு தம்பி."

"அதுல களி கிண்டுவீங்களா? பல்லு இருக்குதுங்களா?"

"மண்ணு திங்கும். நீ டிக்கெட்டக் குடு."

தருமபுரியில் பஸ் மாறினேன். டீ பதினைந்து ரூபாய், வெந்நீர் ருசி. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் ஆடிக் காற்று பஸ்ஸையே தள்ளியது.

ஒன்பதரைக்கு வயலில் நின்றேன். முதலில் பலகை: 'பாறைத்தூள் விவசாயம் – எங்கள் கண்டுபிடிப்பு.' எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்தது சண்டை. பக்கத்துத் தோட்டத்து மாதம்மாள், ஷூ போட்ட கம்பெனி ஆபீசர் ஒருவரை மடக்கி நின்றார். மாவை ஊறவைக்காமல், காய்ந்தபடியே ஆடிக் காற்றில் வீசியிருக்கிறார்கள்! அது பறந்து அவருடைய மல்பெரித் தழையிலெல்லாம் படிந்துவிட்டது.

"வூட்ல பட்டுப்புழு பசியில கெடக்குது. இந்தத் தழையப் போட்டா செத்துடும். அப்பறம் நீயா வந்து கூடு கட்டுவ?"

"எங்க மேல தப்பில்லீங்கம்மா. அரூர்ல ஒரு பெரியவர் சொன்ன யோசனைங்க இது."

"அந்தப் பெரியவன் நான்தான்யா!" பையைத் தொப்பென்று போட்டேன். "சாணிக்குழியில ஊறப்போடச் சொன்னனா இல்லியா?"

ஆள் வெளிறிவிட்டார். "அங்க நாத்தமா இருந்துச்சுங்க... அத மட்டும் படம் எடுக்கல."

"கோழிக்கொழம்பு மட்டும் மணந்துச்சா?"

மாதம்மாள் சிரிக்கவில்லை. "உங்க நாயத்த அப்பறம் பேசுங்கண்ணா. எம்புழுவுக்குத் தழைக்கு வழி சொல்லுங்க."

சொன்னேன். ஆபீசரின் காரிலேயே நாலைந்து தோட்டம் அலைந்து தழை வாங்கி ஏற்றிவந்தோம். புழு தின்னத் தொடங்கிய பிறகுதான் பஸ் ஏறினேன்.

கம்பெனிக்காரர்களே, பழி வந்ததும் என் ஊர் உங்கள் வாயில் வந்தது. பலகை எழுதும்போது எங்கே போனது? 'அரூர்ப் பெரியவர்' என்பது போதாது. என் முழுப்பெயர் தகப்பன் பெயரோடு அங்கே வர வேண்டும். அதற்குக் கீழே சாணிக்குழியையும் எழுதுங்கள்.