எர்ணாவூர் ஊதாக் கல்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கினேன். சேலத்திலிருந்து மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்றுப் புடவை இரண்டு, ஒரு கைலென்ஸ், பித்தளை ஊதுகுழல், கரிக்கட்டை, கல் உடைக்கிற சுத்தியல். பையைத் தூக்கி வைத்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, கல்லு கட்டியாந்துகீறியா?" என்று கேட்டார். "கல்லு இனிமேதான்" என்றேன். ராயபுரத்துக்கு ஒன்றேகால் ரூபாய் பேசி ஏறினேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்குக் கல் எடுத்துக் கொடுத்து, வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கி வைப்பது வேலை. ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்தும் பிலோமினா என் கல்லூரித் தோழி. மூன்று வாரத்துக்கு முன் அவளிடமிருந்து ஒரு கவர் வந்தது. பஞ்சில் பொதிந்த ஒரு சில்லு, புளியங்கொட்டை அளவு. "சரசு, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாவிடம் இருந்த கல்லில் உடைத்தது. எர்ணாவூர்க் கரையில் கிடைத்ததாம். கூடையை மூடின இலை பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தாள். நிறத்தைப் பார், என்ன கல்?" என்று எழுதியிருந்தாள்.

நிறம்தான் என்னையும் பிடித்தது. மேலே கத்தரிக்காய்த் தோல்போல நீலக் கறுப்பு. ஒரு மூலையைத் தட்டினால் உள்ளே நாவல்பழத்தைக் கடித்தாற்போன்ற சிவந்த ஊதா, உலோகப் பளபளப்போடு. மறுநாளைக்குள் அந்தப் புதுமுகமும் மங்கி நீலம் பாய்ந்துவிட்டது. நகத்தால் கீற முடியவில்லை. பழைய செப்புக் காசு லேசாகக் கீறியது. பீங்கானில் உரசினால் கறுப்புக் கோடு. ஊதா என்றதும் எல்லோரும் சொல்வது போர்னைட் என்ற சாதாரணச் செம்புத் தாது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, மெருகேற்றி, மேலிருந்து ஒளி விழும் நுண்ணோக்கியில் வைத்துத் தட்டைச் சுழற்றினேன். ஒரு நிலையில் திராட்சை ரசம். கால் சுற்று சுற்றினால் சாம்பல் நீலம். குறுக்கு ஒளியில் தணல்போல் ஆரஞ்சு. போர்னைட் இப்படி நிறம் மாறாது.

கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கும் செம்புக் கனிமங்கள் சிறிய குடும்பம். வெள்ளிபோல் வெளுத்தது ஒன்று, சிலேட்டு நிறத்தது ஒன்று, இரண்டுக்கும் நடுவே மூன்று பங்கு செம்புக்கு இரண்டு பங்கு செலினியம் சேர்ந்த ஊதா ஒன்று. அந்த ஊதாவுக்கு உமாங்கைட் என்று பெயர். அர்ஜென்டினாவில் உமாங்கோ என்ற மலையில் முதலில் அடையாளம் கண்டதால் வந்தது. என்னிடமிருந்த புத்தகங்களில் அது கிடைக்கிற ஊர்களின் பட்டியல் சில வரிகள்தான். அதில் நம் நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

கடல் அரிப்பைத் தடுக்க ராயபுரத்துக்கு வடக்கே லாரி லாரியாகப் பாறை கொட்டுகிறார்கள் என்று தெரியும். அந்தப் பாறை ஏதோ ஒரு மலையில் வெட்டியதுதானே? அந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டுரை என் பெயரில் வரும். பெண்பிள்ளை வெயிலில் அலைய முடியாது என்று சொல்லித் தூரத்துக் களப்பணிக்கு என்னை அனுப்பாதவர்கள் அதைப் படிப்பார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பிலோமினா ஆப்பமும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். பத்தரை மணிக்கு இருவரும் பஸ் ஏறினோம். எர்ணாவூருக்கு முப்பது பைசா. பத்து கிலோமீட்டர் இருக்கும். தண்டையார்பேட்டை தாண்டும்வரை சரக்கு லாரிகளுக்குப் பின்னால் நகர்ந்தோம். திருவொற்றியூரில் ஒரு பக்கம் ஆலை மதில்கள், மறுபக்கம் சந்துகளின் முடிவில் துண்டு துண்டாகக் கடல். காற்று திரும்பும்போதெல்லாம் வாசனை மாறியது: கருவாடு, தார், பிறகு பெயர் தெரியாத ஏதோ ஒரு அமில நெடி. மணலி ஆலைகள் பக்கமிருந்து வருவது என்றார் பக்கத்து இருக்கைக்காரர். "பத்து நாளு இருந்தா தெரியாது."

எர்ணாவூரில் கன்னியம்மா வியாபாரம் முடித்து வந்து வீட்டு வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான, வேகமான பெண். கணவர் தனகோடி திருவொற்றியூரில் உலோகம் உருக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார், சாயந்தரம்தான் வருவார் என்றாள். கல் கிடைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். கரைக்குக் கூட்டிப்போய், "இங்கதான், அந்தாண்ட" என்று பொதுவாகக் கையை வீசினாள். இரண்டு மணி நேரம் பாறை பாறையாகத் தட்டினேன். எல்லாம் கட்டடத்துக்கு உடைக்கிற சாதாரணக் கருங்கல். செம்பின் சுவடுகூட இல்லை. பிலோமினாவின் முகம் வெயிலில் கன்றிப்போனது.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் கல்லை எடுத்து வைத்தாள் கன்னியம்மா. முஷ்டி அளவு. கையில் வாங்கினால் அந்த அளவுக்கு மீறிய கனம். கைலென்ஸை எடுக்கிற அவசரத்தில் புரட்டினேன். அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது செங்கல் துண்டு. அதன் ஓரமெல்லாம் கண்ணாடிபோல் உருகி வழிந்து, நடுநடுவே காற்றுக் குமிழிகள்.

மலை இல்லை. உலை.

"கன்னியம்மா, இது கரையில் கிடைக்கவில்லை, இல்லையா?" என்றேன்.

அவள் கூடையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "எங்கூட்டுக்காரரு எடுத்தாந்தாரு. கொட்டாயில உருக்கினப்புறம் தூக்கிக் கடாசற கசடு. சோக்கா கீதேன்னு கொணாந்தாரு. திருட்டுன்னு சொல்லிடுவாங்களோன்னு கரைன்னு சொல்லிட்டேன். தப்புதாம்மா."

சில்லை மட்டும் பார்த்து மலை தேடி வந்த தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நாளாக மனசுக்குள் எழுதிவைத்திருந்த கட்டுரை போயிற்று. அதை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எதற்கும் ஊதுகுழல் சோதனையையாவது முடிப்போம் என்று பிலோமினாவை மெழுகுவத்தி வாங்க அனுப்பினேன்.

அவள் தலை மறைந்ததும் கன்னியம்மா நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "டீச்சரு தெனம் மொகத்துல முழிக்கறவங்க, அவங்களாண்ட கேக்க வெக்கமாகீது. நீ வெளியூரு. ஆம்பள மூச்சுல எந்நேரமும் பூண்டு வாடை வந்துகினே இருந்தா இன்னா அர்த்தம்?"

"பூண்டு தின்றிருப்பார்."

"நாலு மாசமா எங்கூட்டுல பூண்டு வாங்கறதே இல்ல. வோணும்னே நிறுத்திட்டேன். அப்பவும் வருது. அப்ப வேற எங்கியோ துன்றாருன்னுதானே அர்த்தம்? மார்க்கெட்ல ஒருத்தி பேரச் சொல்றாளுங்க. கேட்டா, தலையில அடிச்சு சத்தியம் பண்றாரு. இப்பல்லாம் நான் தனியாத்தான் படுத்துக்கறேன். சோறு வெச்சுட்டு வந்துடுவேன். பேச்சு வார்த்தை கெடயாது."

அதற்குள் பிலோமினா வந்துவிட்டாள்.

வாசலுக்குப் போய், கரிக்கட்டையில் குழி செய்து அதில் ஒரு பொடித் துண்டை வைத்து, மெழுகுவத்திச் சுடரை ஊதுகுழலால் அதன்மேல் திருப்பினேன். சுடரின் ஓரம் பளிச்சென்று நீலமாயிற்று. கூடவே அழுகின முள்ளங்கி நாற்றம். செலினியத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது அவரு சொக்காயில வர்ற நாத்தம்."

ஊதுவதை நிறுத்தினேன். "சொன்னதை டீச்சரிடமும் சொல்லலாமா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நான் சொன்னேன்.

பிலோமினா மெழுகுவத்தியை அணைத்தாள். "சரசு, இது எனக்குத் தோணியிருக்கணும். செலினியம் உடம்புக்குள்ள போனா மூச்சுல பூண்டு வாடை அடிக்கும்னு பாடப் புஸ்தகத்துல அடிக்குறிப்பாவே வரும். பூண்டே சாப்பிட வேணாம். கன்னியம்மா, அவருக்கு நகம், முடி எப்படி இருக்கு?"

"நகம் பேந்து பேந்து வருது. முடி கொட்டுது. உலைச் சூடுன்னாரு."

"சூடு இல்ல, புகை. அவர் எங்கயும் போய்ச் சாப்பிடல."

கன்னியம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "இது இன்னா கல்லு?" என்றாள்.

"உமாங்கைட்போல. ஆனா இதுக்கு அந்தப் பேரைச் சொல்ல முடியாது. பூமியில தானா விளைஞ்சாத்தான் கனிமம்னு சேர்ப்போம். அதே செம்பு, அதே செலினியம், அதே நிறம்னாலும், மனுஷன் உலையில உண்டானது பட்டியல்ல வராது."

"மனுஷன் செஞ்சா பேரு கெடயாதா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. "அவருக்கு வந்துகீற நோவுக்காவது பேரு கீதா?"

அதற்குப் பெயர் இருந்தது. செலினியம் நஞ்சு என்று பிலோமினா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கல்லை நான் துணியில் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டு, கூடையைச் சுடுதண்ணீர் விட்டு அலசச் சொன்னேன்.

நாலு மணிக்கு மூவரும் திருவொற்றியூருக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினோம். ஹைரோட்டிலிருந்து ரயில் பாதைப் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கொட்டகை. தகரக் கூரை, ஓர் உலை, ஈரச் சாக்குகளில் கருஞ்சேறு. செம்பைச் சுத்தம் செய்கிற தொட்டிகளின் அடியில் படிவது. அதில் கொஞ்சம் வெள்ளி இருக்கும். அதை உருக்கி வெள்ளி பிரிக்கிறார்கள். கூரையின் உள்பக்கம் செங்காவி பூசினாற்போல் சிவந்திருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். புகையோடு போய்க் குளிர்ந்து ஒட்டிய செலினியம்.

தனகோடி உயரமான மனிதர். வாயைத் துண்டால் மூடியிருந்தார். மனைவியைக் கண்டதும் கிடுக்கியை வைத்துவிட்டு, இரண்டடி தள்ளியே நின்றார். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். பெண்கள் மூவர் உள்ளே வந்ததில் திகைத்து, முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

கல்லை எடுத்துக் காட்டினேன். கன்னியம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"கசடுல்லா இது" என்றார் அண்ணாச்சி. "குப்பையில போடுதது. வேணும்னா இன்னும் ரெண்டு கொண்டு போங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. "நானும் இதே உலையில நிக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று கிட்டே குனிந்தார். அவர் மூச்சிலும் பூண்டு வாடை. சொல்லலாமா என்று தயங்கினேன். பிலோமினாதான் கேட்டாள்: "அண்ணாச்சி, இன்னிக்குச் சாப்பாட்டுல பூண்டு உண்டா?"

"நான் பூண்டு திங்குறதில்ல. ஏன் கேக்கிய?"

அவர் உள்ளங்கையை வாய்முன் வைத்து ஊதி முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "வீட்டுக்காரி ஊர்ல இருக்கா. எனக்குச் சொல்ல ஆளில்ல" என்றார். சற்றுப் பொறுத்து, "ஏ தனகோடி, தீயை அமத்து" என்றார்.

தனகோடி அமர்த்திவிட்டு வந்து துண்டை இறக்கினார். கன்னியம்மா அவர் கையை எடுத்து, வெண்மை படர்ந்த நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே, எங்கியும் துன்னலன்னு" என்றார் அவர். அவள் கையை விடவில்லை.

ஞாயிறு முழுதும் ராயபுரத்தில் மழை. பிலோமினா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, டாக்டரிடம் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். நான் கல்லின் குணங்களையெல்லாம் அரைத் தாளில் எழுதி அதோடு வைத்தேன். நான் எழுத வந்த கட்டுரை அந்த அரைத் தாளோடு முடிந்தது.

திங்கள் காலை ஏழரைக்குக் கன்னியம்மாவையும் தனகோடியையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் நானும் கன்னியம்மாவும். எதிரில் தனகோடி, மற்றவர்மேல் மூச்சுப் படாமல் முகத்தைச் சன்னல் பக்கமே வைத்திருந்தார். பாதி வழியில் அவர் பக்கத்து இடம் காலியானது. கன்னியம்மா எழுந்து போய் அதில் உட்கார்ந்தாள். "இந்தாண்ட திரும்பிக் குந்து" என்றாள். அவர் திரும்பவில்லை. "கலீஜா நாறுது, வாணாம்" என்றார். "நாலு மாசமா நாறலியா" என்று அவள் சொல்ல, அவர் திரும்பினார்.

வெளிநோயாளிப் பிரிவில் இளம் டாக்டர் இரண்டு தாளையும் இருமுறை படித்தார். இதற்கென்று தனி மருந்தில்லை, அந்தப் புகையை விட்டு விலகினால் உடம்பே வெளியேற்றிவிடும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். அந்தக் கருஞ்சேறு எங்கெங்கே உருக்குகிறார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தனகோடிக்குத் தெரிந்திருந்தது, இன்னும் ஐந்து இடம் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மத்தியான ரயிலில் ஊருக்குக் கிளம்பினேன். ஒரு மாதம் கழித்துப் பிலோமினாவிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாச்சி சேற்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய பித்தளை உருக்குகிறாராம். தனகோடி துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போகிறாராம். வாடை இன்னும் லேசாக இருக்கிறதாம். மற்ற ஐந்து இடங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சேலத்தில் மாக்னசைட் எனும் வெள்ளைக்கல்லைச் சுடும் சூளைகள் இருக்கின்றன. வருஷா வருஷம் மாணவர்களை அங்கே அழைத்துப்போய், கல் சூட்டில் எப்படி மாறுகிறது என்று காட்டுவேன். அந்த வருஷமும் போனேன். வாயில் துணி கட்டிய ஒருவர், வழக்கம்போல நான் கேட்கும் முன்பே சுட்ட கல்லை எடுத்து நீட்டினார். எட்டு வருஷமாக அந்தக் கையிலிருந்துதான் வாங்குகிறேன்.

"உங்க பேரென்ன?" என்று கேட்டேன்.

"மாரிமுத்துங்க" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது. மாணவர்கள் நோட்டைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்து, இருமல் எத்தனை நாளாக என்று கேட்டேன்.