ஆல்டர் லேனில் வந்த வில்ஃபின் கதை

தெல்மா ஸ்கோஃபீல்டுக்குக் கண்புரை எடுத்த பிறகு, மதியம் சொட்டு மருந்து விட என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் பழைய நூல் மில் ஊரான ஓல்டமில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. மருந்தை விட்டதும் கிளம்பிவிடலாம், ஆனால் தெல்மா விடமாட்டாள். "உட்காரு கண்ணு, டீ ஊத்தியாச்சு" என்பாள். உட்கார்ந்தால் டிவியில் 'ஆல்டர் லேன்' ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து நாற்காலியில் நோரா டாட்டர்சால் இருப்பாள்.

நோரா எதிர் வீட்டுக்காரி. எண்பதை நெருங்குகிறாள். இளவயதிலேயே கணவனை இழந்தவள். வீட்டு முன்னறையில் பெண்களுக்குத் தலை சுருட்டிவிட்டுக் காலம் தள்ளினாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மனசைத் திறக்காத பெண் அந்தத் தெருவில் கிடையாது என்பார்கள்.

எண்பதுகளில் ஊரே உட்கார்ந்து பார்த்த தொடர் ஆல்டர் லேன். அதை ஒரு சேனலில் முதலிலிருந்து மறுபடி போட ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒருநாள் விடாமல் பார்த்தார்கள்.

"இப்ப வர்ற தொடர்ல எல்லாம் வாரத்துக்கு ஒரு கொலை விழுது" என்பாள் தெல்மா. "இதுல பாரு, கெட்டில் கொதிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் சும்மா நிக்கறாங்க. யாராவது இப்ப அப்படி விடுவாங்களா?"

"அவ பல்லைப் பாரு" என்று திரையில் நடிக்கிறவளைக் காட்டுவாள் நோரா. "ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. அந்தக் காலத்துல நம்ம எல்லாருக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

உண்மைதான். நானும் மெல்ல மெல்ல அதில் இறங்கிவிட்டேன். பின்னணி இசையே கிடையாது. சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உப்பியிருக்கும். ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் பேசுவார். சண்டை போட்ட பெண், அழுதுகொண்டே அடுப்பில் உருளைக்கிழங்கைத் திருப்பிப் போடுவாள். கருகிவிட்டால் ராத்திரி சாப்பாடு இல்லையே. தெல்மா ஒவ்வொன்றையும் கவனித்துத் தலையாட்டுவாள். புதிதாகத் தெளிந்த கண்ணால் பார்க்கிற சந்தோஷமும் அதில் இருந்தது.

சொட்டு மருந்து முடிந்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. இலையுதிர்காலம் வந்தபோது நோரா மாறினாள். திடீரென்று ஒருநாள், "இதையே எத்தனை நாளைக்குப் பாக்கறது? பஸ்ல பரி ஊர்ச் சந்தைக்குப் போயிட்டு வரலாமா?" என்றாள். இன்னொரு நாள் பல்வலி என்றாள். பிஸ்கட்டைக் கையில் வைத்துப் பொடிப்பொடியாக்குவாள், வாயில் போடமாட்டாள்.

"உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் தெல்மா. "மில் மூடற கதை வரப்போகுது. வில்ஃப் கதை. அதைப் பாத்து நான் அழுவேன்னு பயப்படறியா? அவர் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் பாக்கணும்."

வில்ஃப், தெல்மாவின் கணவன். அவன் கதையை அதற்கு முன்பே தெல்மா எனக்குச் சொல்லியிருந்தாள்.

நூல் மில்லில் இயந்திரம் பழுது பார்ப்பவன் வில்ஃப். மில் மூடப்பட்டபோது வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. காலையில் வழக்கம்போல் டப்பாவில் சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு கிளம்புவான். நாள் முழுக்கப் பொது நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமாக வேலை முடிகிற நேரத்துக்கு வீடு திரும்புவான். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்து போனான் என்று தெல்மா மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. திரும்பும் வழியில் நூலக ஜன்னலில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அப்படியே வீட்டுக்கு வந்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை சீஸ் துண்டைக் கொஞ்சம் கனமாக வெட்டி வைத்தாள். வில்ஃபுக்குப் பொய்ப்பல், முழு ஆப்பிளைக் கடிக்க முடியாது. அதனால் ஆப்பிளை நறுக்கி, நிறம் மாறாமல் இருக்கத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாள். அன்றும் அப்படியே வைத்தாள். குளிர்காலம் முழுக்க அவன் நடித்தான், அவளும் நடித்தாள்.

மனசு தாங்காமல் தலை சுருட்டப் போன ஒருநாள் நோராவிடம் மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் ஆல்டர் லேனில் அந்தக் கதை வந்தது. மில் மூடியதை மறைக்கிற கணவன், தெரிந்தும் டப்பா கட்டுகிற மனைவி, ஆப்பிள், ரப்பர் பேண்ட் எல்லாம் அப்படியே. வில்ஃப் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். பாதியில் எழுந்து டிவியை அணைத்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றாள் தெல்மா.

அதற்குப் பிறகு பப்பில் அவனைப் பார்த்தவர்கள், "இன்னிக்கு சாண்ட்விச்ல என்ன வில்ஃப்?" என்று கேட்டார்கள். பப்புக்குப் போவதையே அவன் நிறுத்திவிட்டான். தம்பி லெஸ்லி மேல் அவனுக்குச் சந்தேகம். லெஸ்லியும் அதே மில். ஆப்பிளை வைத்து அண்ணனைக் கேலி செய்தவன். நூலகத்து ஜன்னல் வழியாக ஒருநாள் வில்ஃபைப் பார்த்தும் இருந்தான். வில்ஃப் நேரில் போய்க் கேட்டபோது லெஸ்லி தலையைக் குனிந்துகொண்டான், மறுக்கவில்லை. அன்றோடு அண்ணன் தம்பி உறவு அறுந்தது. வில்ஃப் சாகும்வரை பேசவில்லை. சவ அடக்கத்தன்று லெஸ்லி கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியே மழையில் நின்றுவிட்டுப் போனான்.

"நோரா மேல உங்களுக்குச் சந்தேகம் வரலையா?" என்று நான் கேட்டிருந்தேன்.

"அப்பவே கேட்டேன். செத்துப்போன புருஷன் மேல சத்தியம் பண்ணினா" என்றாள் தெல்மா. "அவளுக்கு டிவிக்காரங்களை எங்க தெரியும்?"

தெரியும் என்பதுதான் விஷயம். மைல்ஸ் என்று ஒருவன். ஆல்டர் லேனுக்கு எழுதுகிறவர்களில் ஒருவன், கல்யாணம் ஆனவன். புதன்கிழமை மதியம் தலை சுருட்டும் வேலையை முடித்ததும் நோரா பஸ் ஏறி மான்செஸ்டருக்குப் போவாள். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அவனோடு உட்கார்ந்திருப்பாள். அவன் இந்தத் தெருவில் காலே வைத்ததில்லை. புருஷன் போன பிறகு அவள் பேச்சை முகம் பார்த்துக் கேட்ட ஒரே ஆண் அவன்தான். அவன் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். ரப்பர் பேண்டைச் சொன்னபோது அவன் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றானாம். அதற்காகவே மீதியையும் சொன்னேன் என்று பிற்பாடு நோரா என்னிடம் சொன்னாள். கதை டிவியில் வந்த பிறகு அவனைப் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வெட்கம் வாயை அடைத்தது. பிறகு வில்ஃப் தம்பியைத் திட்டுவது காதில் விழ விழ, இனிமேல் எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவள் சொன்ன சாக்குகளை வைத்து, அந்தக் கதை வரும் நாளில் நோரா வராமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

திரையில் அந்த மனைவி ஆப்பிளை நறுக்கினாள். தெல்மா முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"அழறாளா பாரு. அழல. நானும் அழல. நறுக்கற வேலை இருக்கும்போது எங்க அழறது?" என்றாள். "வேற யாராவது எடுத்திருந்தா வயலினைப் போட்டுக் கெடுத்திருப்பாங்க."

கணவன் டப்பாவை வாங்கிக்கொண்டு போனான். "இந்த இடத்துலதான் அவர் எழுந்து அணைச்சார்" என்றாள் தெல்மா. "மிச்சத்தை நான் பாத்ததே இல்லை."

மிச்சம் ஓடியது. அந்த மனைவி ரொட்டி வாங்கக் கிளம்பினாள். நல்ல மழை. பிரதான சாலையை விட்டுவிட்டு, வாய்க்கால் பக்கமாகத் திரும்பினாள். நனைந்துகொண்டே நடந்தாள். கடைக்காரன், "ஏம்மா, நூலகம் வழியா வந்தா கிட்டதானே?" என்று கேட்டான். அவள் ரொட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

விளம்பரம் வந்தது. கடந்து போயிற்று.

"நான் சுத்திப் போனது லெஸ்லிக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக. "வில்ஃபுக்கும் தெரியாது. ஜன்னல்ல அவர் என்னைப் பாத்துட்டா கூனிக் குறுகிடுவாரேன்னுதான் சுத்திப் போனேன். உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் நோரா."

நோரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள்.

"ஆமான்னா?"

"நான்தான் சொன்னேன். அதை எழுதினவன்கிட்ட. எனக்கு அவனைத் தெரியும்." எல்லாவற்றையும் சொன்னாள், புதன்கிழமையை, டீக்கடையை, சத்தியத்தை. எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது.

தெல்மா ரிமோட்டைத் தேடி டிவியை நிறுத்தினாள். "டிவியில வந்தது போகட்டும்" என்றாள். "அதுல பொய் ஒண்ணும் இல்ல. என்னை அப்படிப் பாத்து எழுத ஒருத்தன் இருந்தானேன்னு ஒரு பக்கம் நிறைவாக்கூட இருக்கு. ஆனா லெஸ்லி. அடக்கத்தன்னிக்கு நீ என் கையைப் பிடிச்சுட்டு நின்னே. அவன் வாசல்ல நிக்கறதை நீயும் பாத்தே."

"பாத்தேன்."

"பாத்துட்டு என் கையைத் தடவிக் குடுத்துட்டு இருந்தே."

நோரா முகத்தை மூடிக்கொண்டாள். தெல்மா அவளைத் தேற்றவில்லை. "அவன்கிட்ட நீயே சொல்லணும்" என்றாள். "நானும் வர்றேன். நாளைக்கு, நாளன்னிக்குன்னு தள்ளாதே."

ஞாயிற்றுக்கிழமை என் காரில் இருவரையும் பக்கத்து ஊரான ராச்டேலுக்குக் கூட்டிப்போனேன். லெஸ்லி வயதானவர்களுக்கான குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்தான். கதவைத் திறந்ததும் தெல்மாவைப் பார்த்து, தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றான்.

"இல்ல. நோரா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் தெல்மா.

நோரா நின்றுகொண்டே சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. லெஸ்லி குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நானும் வாயைத் திறந்தேன் தெல்மா" என்றான். "லைப்ரரியில அவனைப் பாத்த அன்னிக்கே பப்ல ஒருத்தன்கிட்ட சொல்லிட்டேன். ஒரே ஒருத்தன்கிட்ட. அது காதுக்குக் காது போய் டிவி வரைக்கும் போயிடுச்சுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். வில்ஃப் வந்து கேட்டப்ப இல்லைன்னு சொல்ல எனக்கு முகம் இல்ல."

"நீ சொன்னதுல ஒண்ணும் ஆகல" என்றாள் தெல்மா.

"அது இப்பல்ல தெரியுது."

"மன்னிச்சிடு லெஸ்லி" என்றாள் நோரா.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. "மன்னிக்கறது இருக்கட்டும். அவன் உயிரோட இருந்தப்ப நீ இதைச் சொல்லியிருந்தா நான் போய் அவன் கதவைத் தட்டியிருப்பேன். திறக்கறானோ இல்லையோ, தட்டியாவது இருப்பேன். அந்தத் தெருமுனை வரைக்கும் எத்தனை தடவை வந்து திரும்பியிருக்கேன் தெரியுமா?"

நோராவுக்கும் தெரியும். முன்னறை ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். அதை அங்கே சொல்லவில்லை, திரும்பி வரும்போது காரில் சொன்னாள். முன்சீட்டில் இருந்த தெல்மா தலையைத் திருப்பவே இல்லை.

ஒரு மாதம்போல நோராவுக்குத் தெல்மா வீட்டுக் கதவு திறக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் போனபோது பழைய நாற்காலியில் இருந்தாள். டீயும் பிஸ்கட்டும் இருந்தன. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. தொடரில் மில் கதை முடிந்து, வேறு ஒரு குடும்பம் தெருவுக்குக் குடிவந்திருந்தது. லெஸ்லியும் செவ்வாய்க்கிழமைகளில் வர ஆரம்பித்திருந்தான். வில்ஃப் சின்னப் பையனாக வாய்க்காலில் விழுந்தது, இரண்டு பேரும் ஒரே காலணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது என்று தெல்மாவிடம் சொல்லிச் சிரிக்க வைப்பான். நோரா வந்தால் இருவரும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

திட்டு இல்லை, குத்தல் இல்லை. நோராவுக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று இன்றும் கேட்காமலே போட்டுக் கொடுக்கிறாள் தெல்மா. ஆனால் முன்பு போல அவளிடம் எதையும் சொல்வதில்லை.

போன வாரம் தெல்மாவை இதய மருத்துவரிடம் கூட்டிப்போய்விட்டு வந்தேன். செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. மறுநாள் தெல்மா வீட்டிலிருந்து வெளியே வந்தபோது நோரா தன் வீட்டு வாசலில் செருப்புகூடப் போடாமல் நின்றிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள்.

"அவங்களையே கேளுங்க நோரா. நான் சொல்லக்கூடாது."

"கேட்டேன். சும்மா கண்ணைத்தான் பரிசோதிச்சாங்கன்னு சொன்னா." எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். "சரி, நீ சொல்லாதே. நீ சொல்லக்கூடாது" என்று உள்ளே போனாள்.